பிள்ளை பெற்றவளின் செலவு யார் பொறுப்பு?

 

 வீட்டிலிருந்து இதைப் படிக்கும் தாய்மார்களே! ஜும்ஆ பயானில் இதைப் பேசும்போது என் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஆண்கள் மட்டும்தான். பேச்சோ பிள்ளை பெற்ற பெண்ணைப் பற்றியது. அதனால்தான் இதை எழுத்தில் போடச் சொன்னேன். நீங்கள் படியுங்கள். படித்துவிட்டு உங்கள் வீட்டு ஆண்களிடம் கேளுங்கள், ஹஜ்ரத் பேசும்போது விழித்திருந்தீர்களா என்று.

சில வாரங்களுக்கு முன் அஸருக்குப் பிறகு ஒரு பெரியவர் என் அறைக்கு வந்தார். அறுபதைத் தாண்டியவர், தையல் மிஷின் மிதித்துப் பிழைக்கிறவர். பைத்துல்மாலில் முப்பதாயிரம் கடன் கிடைக்குமா என்று கேட்டார். மகளுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது. அரசு மருத்துவமனையில் செலவு இல்லையே, பிறகு எதற்குக் கடன் என்றேன். நாற்பதாம் நாள் மகளையும் குழந்தையையும் கொண்டுபோய் விட வேண்டுமாம். குழந்தைக்குக் கால் பவுனில் மோதிரம், வெள்ளி அரைஞாண், கொலுசு, தொட்டில், போகிற வண்டி வாடகை என்று கணக்குச் சொன்னார்.

மகள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ரத்தம் குறைவு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முட்டை, மீன், கீரை, பேரீச்சம்பழம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். கொடுக்கிறீர்களா என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். "இப்போதைக்கு ரசம் சோறுதான் ஹஜ்ரத். மோதிரத்துக்குச் சேர்க்கணுமே."

மாப்பிள்ளை எங்கே என்றேன். உடனே பதறிவிட்டார். "அவரு நல்ல புள்ள ஹஜ்ரத், அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. தலைப்பிரசவம் நம்ம செலவுதானே?"

சகோதரர்களே, அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன்னால் வைக்கிறேன். அது யாருடைய செலவு?

அவரிடம் நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதே உண்மை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதல் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது நம் மண்ணின் வழக்கம். வளவனூரிலும் அப்படித்தான், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அப்படித்தான், நம்மவர் வீட்டிலும் மாற்று மதச் சகோதரர் வீட்டிலும் அப்படித்தான். இந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. வலி எடுத்த நேரத்தில் பெற்ற தாய் பக்கத்தில் இருப்பது போல வேறு எது? இரவில் குழந்தை அழுதால் கூட எழுந்திருக்க ஓர் ஆள், வெந்நீர் வைத்துக் கொடுக்க ஒரு கை. ஷரீஅத்தில் இதற்குத் தடை இல்லை. பெண் தாய்வீட்டுக்குப் போகலாம். ஆனால் அவள் போகும்போது கணவனின் கடமையும் மூட்டை கட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்குக் குடி போய்விடுமா?

குர்ஆனில் இரண்டாவது அத்தியாயம் அல்பகராவின் 233ஆவது வசனத்தை எடுத்துப் பாருங்கள். பால்குடி பற்றிய நீண்ட வசனம். தாய்மார்கள் இரண்டு ஆண்டு பால் கொடுப்பதைச் சொல்லிய உடனே, அந்தத் தாயின் உணவும் உடையும் முறைப்படி யார் மேல் கடமை என்று அல்லாஹ் சொல்கிறான். அங்கே 'தகப்பன்' என்ற நேரான சொல்லை அவன் பயன்படுத்தவில்லை. 'அல்மவ்லூது லஹு' என்கிறான். எவனுக்காகக் குழந்தை பெற்றெடுக்கப்பட்டதோ அவன் என்பது அதன் பொருள். அரபுக் கல்லூரியில் தஃப்ஸீர் பாடம் நடந்தபோது இந்தச் சொல்லின் மேல் எங்கள் உஸ்தாத் வெகுநேரம் நின்றார். குழந்தை யார் பெயரால் அழைக்கப்படுகிறதோ, யாருடைய வம்சமாக எண்ணப்படுகிறதோ, அவன் மேல் செலவு. பெயர் உனக்கு, பில் மாமனாருக்கு என்பது அந்தச் சொல்லுக்குள் அடங்காது.

அதே வசனத்தில் இன்னும் இருக்கிறது. குழந்தையைக் காரணமாக வைத்துத் தாய்க்குத் துன்பம் வரக் கூடாது, தகப்பனுக்கும் வரக் கூடாது. தகப்பன் இல்லாமல் போனால் வாரிசின் மீதும் அதே போன்ற கடமை. பால் மறக்கடிப்பதானால் இருவரும் கலந்து பேசி, இருவரும் மனம் ஒப்பிச் செய்ய வேண்டும். இது தலாக் ஆன பெண்களைப் பற்றிய வசனம் என்று முஃபஸ்ஸிர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள், பொதுவானது என்று மற்றொரு சாரார். முதல் கருத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிந்து போனவளுக்கே இவ்வளவு என்றால் உன்னோடு வாழ்கிறவளுக்கு எவ்வளவு?

இங்கே ஒரு சகோதரர் எழுந்து நியாயம் கேட்கலாம். "பெண்ணைப் பெற்றவர் மனம் விரும்பித்தானே செய்கிறார், அது ஸதகா இல்லையா, நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள்?" நல்ல கேள்வி. நான் தடுக்கவில்லை. பேத்திக்கு மோதிரம் போட ஆசைப்படும் பாட்டனார் போடட்டும். ஆனால் அது அன்பளிப்பா, அபராதமா என்று பார்க்க ஓர் உரைகல் இருக்கிறது. அவர் கொடுக்காவிட்டால் அவருடைய மகளுக்குப் புகுந்த வீட்டில் பேச்சு விழுமா? "வெறுங்கையோட வந்துட்டா" என்று மாமியார் சொல்வாரா? நாத்தனார் உதட்டைப் பிதுக்குவாளா? விழும் என்றால் அது அன்பளிப்பு இல்லை. மன ஒப்புதல் இல்லாமல் ஒரு முஸ்லிமின் பொருள் இன்னொருவருக்கு ஹலால் ஆகாது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். பயந்து கொடுப்பது மன ஒப்புதல் ஆகாது. வரதட்சணை வாங்க மாட்டேன் என்று நிக்காஹ் மேடையில் மார்தட்டிய நம் வாலிபர்களில் எத்தனை பேர், பத்து மாதம் கழித்துத் தொட்டில் என்ற பெயரில் அதையே வாங்கிக்கொள்கிறீர்கள்?

இன்னொரு நியாயமும் உண்டு. ஃபிக்ஹ் கிதாபு ஓதியவர்களே அதைக் கிளப்புவார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். மனைவியின் ஜீவனாம்சத்தில் வைத்தியர் கூலியும் மருந்துச் செலவும் சேராது என்று பழைய சட்ட நூல்களில் இருக்கிறது. இமாம் நவவீ அவர்களின் மின்ஹாஜிலேயே இருக்கிறது. மாணவனாக அதைப் படித்த நாளில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. சோறு போடுவானாம், மாத்திரை வாங்கித் தர மாட்டானாம்! உஸ்தாதிடம் கேட்டேன். அந்தக் காலத்தில் மருந்து என்பது எப்போதோ தேவைப்படுவது, பலிக்குமா பலிக்காதா என்பதும் நிச்சயமில்லை, அதனால் அன்றாடத் தேவையில் அதைச் சேர்க்கவில்லை என்று விளக்கினார்கள். நம் காலத்து அறிஞர் வஹ்பா அஸ்ஸுஹைலீ அவர்கள், இன்று மருத்துவம் உணவைப் போலவே அடிப்படைத் தேவை, அது கணவன் மேல்தான் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

பிரசவத்தின் விஷயத்திலோ பழைய காலத்திலேயே வேறு பேச்சு நடந்திருக்கிறது. மருத்துவச்சியின் கூலி யார் மேல் என்ற கேள்வியை ஹனஃபி அறிஞர்கள் விவாதித்திருக்கிறார்கள். யாரும் கூலி பேசாமல் அவளாகவே வந்து பிரசவம் பார்த்தால், கணவன் மேல் என்று ஒரு கருத்து, மனைவி மேல் என்று ஒரு கருத்து. டமாஸ்கஸில் வாழ்ந்த இப்னு ஆபிதீன் அவர்கள் இரண்டையும் எடுத்துச் சொல்லிவிட்டு, கணவன் மேல் என்பதே தமக்குச் சரியாகப் படுகிறது என்றார்கள். காரணம் என்ன தெரியுமா? மருத்துவச்சியால் வரும் பயனில் பெரும்பகுதி குழந்தைக்கு. ஆகவே கூலி குழந்தையின் தகப்பன் மேல். இத்தனை விவாதத்திலும் ஒரு மூன்றாவது கருத்தை நீங்கள் தேடிப் பார்க்கலாம். பெண்ணின் தகப்பன் மேல் என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பெரியவரிடம் வாய் வராமல் போன காரணத்தைச் சொல்கிறேன்.

என் மூத்த பிள்ளை பிறந்தபோது என் சம்பளம் மாதம் மூவாயிரத்து ஐநூறு. மனைவி திண்டிவனத்தில் தாய்வீட்டில் இருந்தாள். பஸ் ஏறி இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டு தடவையும் மாமியார் பிரியாணி ஆக்கினார்கள். சாப்பிட்டேன். குழந்தையின் காதில் பாங்கு சொன்னேன், துஆ செய்தேன், பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரிக்கு யார் பணம் கட்டினார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பட்டம் வாங்கிய ஆலிம் நான், 233ஆவது வசனத்தை மனப்பாடமாக ஓதக் கூடியவன். மாமனார் வஃபாத்தாகி ஒரு வருடம் கழித்து, பேச்சோடு பேச்சாக மாமியார் சொன்னார்கள், அப்போது அவர்களுடைய தோடு அடகுக்குப் போய்த் திரும்பவே இல்லை என்று. புகாராகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லாமல் போய்விட்டது. தோட்டை மட்டும், பல வருடம் கழித்து, வாங்கிக் கொடுத்தேன்.

ஏன் கேட்கத் தோன்றவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கல்நெஞ்சம் காரணம் இல்லை. ஊரே அப்படிச் செய்ததால் அது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கடன் மறுமையில் தள்ளுபடி ஆகும் என்று எனக்கு எந்தக் கிதாபிலும் கிடைக்கவில்லை.

"என்னிடம் பணமே இல்லை ஹஜ்ரத், நான் என்ன செய்வேன்" என்று கேட்கும் இளைஞருக்கு அத்தலாக் அத்தியாயத்தின் ஏழாம் வசனத்தில் ஆறுதல் இருக்கிறது. வசதி உள்ளவன் வசதிக்கு ஏற்ப, நெருக்கடியில் இருப்பவன் அல்லாஹ் தந்ததிலிருந்து. உன்னால் முடியாத மோதிரத்தை அல்லாஹ் கேட்கவே இல்லை. தினம் இரண்டு முட்டை, ஒரு கட்டுக் கீரை, வாரத்தில் இரண்டு நாள் மீன் என்பதுதான் கேள்வி. முறுக்கிய மீசையோடு நாற்பதாம் நாள் மோதிரத்துக்குக் காத்திருப்பதை விட, மீன் வாங்கிய பையோடு மாமனார் வீட்டு வாசலில் நில். அகீகாவுக்கும் இதையே சொல்வேன். அகீகா சுன்னத். ஆனால் வசதி உள்ளவருக்குச் சுன்னத். கடன் வாங்கி இருநூறு பேருக்குப் பந்தி வைப்பதும், உள்ளறையில் பெற்றவள் ரசம் சோற்றில் கிடப்பதும் ஒரே வீட்டில் நடந்தால், அந்தப் பந்தியில் எனக்கு இலை போடாதீர்கள்.

2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. பிரசவங்களில் நூற்றுக்கு 45 ஆபரேஷன். வயிற்றில் தையலோடும் உடம்பில் பாதி ரத்தத்தோடும் இரவில் நான்கு தடவை எழுந்து பால் கொடுக்கிறாள். அவளைப் பார்த்து "வீட்ல சும்மாத்தானே இருக்கா" என்று சொல்ல நமக்கு நாக்கு எழுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில், மனைவியாக இருக்கும்போதே பாலூட்டுவதற்குக் கூலி கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு என்பது தெரியுமா? யாரும் கேட்பதில்லை. கேட்கச் சொல்லியும் நான் தூண்டவில்லை. விலை உள்ள ஒரு வேலையை அவள் விலையில்லாமல் செய்கிறாள் என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

அதே மத்ஹபில் பிரசவித்த தாய் சீம்பாலைக் குழந்தைக்குக் கொடுப்பது கட்டாயம். வேறு பால் கிடைத்தாலும் கட்டாயம். நம் வீடுகளில் சில பாட்டிமார்கள் இன்றும் அதைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிறார்கள். நர்ஸம்மா சொன்னால் "அந்தக் காலத்துல நாங்க வளக்கலையா" என்கிறவர்கள், இமாம்கள் சொன்னதையாவது கேளுங்கள். பத்தியம் என்ற பெயரில் தண்ணீர் குடிக்க விடாமல் வைப்பதையும் நிறுத்துங்கள்.

உடம்பைப் பற்றிப் பேசிவிட்டோம், மனசு? வளரும் நாடுகளில் பிரசவித்த பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு போன்ற பாதிப்பு வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காரணமில்லாமல் அழுவாள். குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்பாள். செத்துப் போனால் தேவலை என்று கூட வாயில் வந்துவிடும். நாம் என்ன சொல்கிறோம்? ஈமான் இல்லை, நன்றி கெட்டவள், காற்று பட்டுவிட்டது.

மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றை அவர்கள் பெயரால் அமைந்த அத்தியாயத்தில் படியுங்கள். பிரசவ வலி அவர்களைப் பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டு சேர்க்கிறது. இதற்கு முன்பே நான் இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறார்கள். உலகப் பெண்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வாயில் வந்த சொல் அது! அல்லாஹ் அவர்களைக் கண்டித்தானா? இப்படிப் பேசலாமா என்று கேட்டானா? கவலைப்படாதே என்று ஒரு குரல் வந்தது. காலடியில் நீரோடை, கைக்கெட்டும் பேரீச்சம்பழம், சாப்பிடு, குடி, கண் குளிர்ந்திரு. பிறகு இன்னொன்று. யாராவது வந்து கேட்டால் இன்று பேசுவதில்லை என்று நேர்ச்சை செய்திருப்பதாகச் சொல்லிவிடு. அதாவது தண்ணீர், சாப்பாடு, ஓய்வு, வந்து போகிறவர்களின் விசாரணையிலிருந்து விடுதலை. "பால் பத்தலையா?", "ஏன் ஆபரேஷனு?", "பொண்ணா?" என்று வரிசையில் வந்து விசாரிக்கும் நம் சொந்தக்காரர்களுக்கு அந்தக் கடைசிப் பகுதியைத் தனியாக அச்சடித்துக் கொடுக்கலாம் போலிருக்கிறது. இரண்டு வாரம் தாண்டியும் அந்தச் சோர்வு விலகவில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 104க்குப் போன் செய்தாலும் ஆலோசனை கிடைக்கும். ஓதிப் பார்க்க என்னிடம் கூட்டி வருகிறவர்களையும் நான் முதலில் டாக்டரிடம்தான் அனுப்புகிறேன். ஓதுவதை எப்போது வேண்டுமானாலும் ஓதலாம்.

தகப்பன் மேல் கடமை என்று சொல்லிவிட்டு ஜமாஅத் கையைத் துடைத்துக்கொள்ளவும் முடியாது. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பால்குடி மறந்த குழந்தைகளுக்குத்தான் பைத்துல்மாலிலிருந்து படி கொடுக்கப்பட்டது. ஒரு வணிகக் கூட்டம் மதீனாவுக்கு வெளியே தங்கியது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோடு உமர் (ரலி) அவர்களே இரவுக் காவலுக்கு நின்றார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதது. போய்த் தாயிடம் சொன்னார்கள். மறுபடி அழுதது, மறுபடி போனார்கள். மூன்றாம் முறை கடிந்து கேட்டபோது, கேட்பவர் யார் என்று தெரியாமலே அந்தத் தாய் உண்மையைச் சொன்னாள். பால் மறந்த பிள்ளைக்குத்தான் உமர் படி கொடுக்கிறார், அதனால் நேரத்துக்கு முன்பே மறக்கடிக்கிறேன் என்று. அன்று ஃபஜ்ர் தொழுகையில் அவர்கள் ஓதியது அழுகையில் யாருக்கும் விளங்கவில்லை. தொழுகை முடிந்ததும், எத்தனை குழந்தைகளின் உயிருக்குத் தாம் பொறுப்போ என்று தம்மையே நொந்துகொண்டார்கள். பிறந்த நாளிலிருந்தே படி உண்டு என்று பறைசாற்றச் சொல்லி, எல்லாப் பகுதிகளுக்கும் கடிதம் போனது. இப்னு ஸஅத் அவர்கள் இதைப் பதிந்திருக்கிறார்கள்.

அந்தத் தாயிடம் குற்றம் கண்டுபிடித்திருக்கலாம் அல்லவா? பணத்துக்காகப் பிள்ளையை வதைக்கிறாள் என்று. உமர் (ரலி) அவர்கள் தம் சட்டத்தில் குற்றத்தைக் கண்டார்கள்.

நம் அரசாங்கத்திலும் அப்படி ஒரு படி இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் தொடங்கியது. 2018 முதல் 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கமாகத் தவணைகளில் வரும், 4,000க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். முதல் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு. நாள் தள்ளிப் போன உடனே கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் வாங்க வேண்டும். பதிவது புகுந்த வீட்டில், பிரசவம் தாய்வீட்டில் என்று ஆகும்போது அந்த எண்ணையும் கர்ப்பிணி அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். பெண்ணின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். நம் வீடுகளில் பாதித் தொகை இங்கேதான் நிற்கிறது. வாங்கலாமா, கூடாதா என்று சிலர் பத்வா கேட்கிறீர்கள். தாராளமாக வாங்குங்கள். ஆனால் அது அவள் தின்பதற்கு வந்த பணம். கணவனின் பைக் தவணைக்கு அதை எடுப்பதுதான் கூடாது.

அந்தப் பெரியவரின் மருமகனுக்கு நான் போன் செய்தேன். புதுச்சேரியில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "இத யாருமே எங்கிட்ட சொல்லல ஹஜ்ரத், நான் கேட்கவும் இல்ல" என்றார். எனக்கு என் திண்டிவனத்துப் பஸ் பயணம் ஞாபகம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வளவனூர் ஸ்டேஷனில் இறங்கி நேரே வந்தார். கையில் மூவாயிரம் ரூபாய் இருந்தது. வாரா வாரம் ஆயிரம் தருவதாக மாமனாரிடம் சொன்னார். பெரியவர் வாங்க மறுத்து ஒரே வாக்குவாதம். கடைசியில் மகள்தான் உள்ளேயிருந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். மோதிரத்தைப் பற்றி அவருடைய அம்மாவிடம் அவரே பேசிக்கொள்வதாகச் சொன்னார். அது என்ன ஆயிற்று என்று நான் இன்னும் விசாரிக்கவில்லை. நாற்பதாம் நாள் வரும் வியாழக்கிழமை.

கமிட்டியாருடன் பேசியதில் இரண்டு முடிவுகள் ஆகியிருக்கின்றன. நம் மஹல்லாவில் வசதி இல்லாத வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் முட்டை, பால், கீரைக்கான பணம் பைத்துல்மாலிலிருந்து, கடனாக இல்லாமல், கொடுக்கப்படும். அந்த விண்ணப்பத்தில் 'பெண்ணின் தந்தை பெயர்' என்று அச்சாகியிருந்த இடம் இனி 'குழந்தையின் தந்தை பெயர்' என்று இருக்கும். கையெழுத்துப் போட அவரே நேரில் வர வேண்டும். விண்ணப்பம் இஷாவுக்குப் பிறகு என் அறையில் கிடைக்கும்.